சுவர்க் கூடாரத்தை மடித்துப் பார்த்து எழுதிய மதிப்புரை: 12-க்கு 14 அடி கேன்வாஸ் கூடாரமும் அதனுடன் வரும் பையும்

கேன்வாஸ் சுவர்க் கூடாரங்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் அவற்றை நிறுத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில் தொடங்கி, உள்ளே விறகடுப்பு எரியும்போது எவ்வளவு கதகதப்பாக இருக்கிறது என்பதில் முடிந்துவிடுகின்றன. இரண்டும் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் இந்த வகைக் கூடாரம் ஆண்டில் சில வாரங்களே நிமிர்ந்து நிற்கிறது. மீதி நாள்களெல்லாம் மடிக்கப்பட்டு ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது, அல்லது வண்டியிலோ விலங்கின் முதுகிலோ பொதியாகப் போய்க்கொண்டிருக்கிறது. துணி நைவதும், பூசணம் பிடிப்பதும், எலி கடிப்பதும், தையல் விடுவதும் அந்த நாள்களில்தான் அதிகம். ஆகவே நான் சில பருவங்களாகப் பயன்படுத்திவரும் ஒரு கூடாரத்தை, அது மடிபடும் விதத்தையும் அடங்கும் விதத்தையும் வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். குறையாகச் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த வகையில் விற்பனைக்கு வரும் பல கூடாரங்களுக்கும் பொருந்தும்.

கூடாரத்தின் அகலம் 12 அடி, நீளம் 14 அடி, பக்கச் சுவரின் உயரம் 5 அடி, முகட்டின் உயரம் 9 அடி. துணி, சதுர கெஜத்துக்கு 10 அவுன்ஸ் எடையுள்ள, நெருக்கமாக நெய்த பருத்திக் கேன்வாஸ்; மெட்ரிக் அளவில் இது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 340 கிராம். நீர்விலக்கு, பூஞ்சைத் தடுப்பு, தீத்தடுப்பு ஆகிய மூன்று பதங்களும் ஏற்றப்பட்டிருக்கின்றன. சுவரின் அடியோரம் முழுவதும் வினைல் பட்டை ஒன்று தைக்கப்பட்டிருக்கிறது. கூரையில் அடுப்பின் புகைக்குழாய் வெளியேறுவதற்கு வெப்பம் தாங்கும் கண்ணாடியிழைத் துணியால் ஆன வட்ட வாய் இருக்கிறது. மூலை இணைப்புகள் இரும்பு. கம்பங்களை வாங்குபவரே தேடிக்கொள்ள வேண்டும்.

எடையைப் பற்றி ஒரு கணக்கைப் போட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் சொல்லப்போகும் பலவும் அதைச் சார்ந்தே இருக்கின்றன. நான்கு சுவர்களும் இரு சாய்கூரைகளும் இரு முகப்பு முக்கோணங்களும் சேர்ந்து ஏறத்தாழ 510 சதுர அடி, அதாவது 47 சதுர மீட்டர் துணி. அதன் எடை மட்டும் 16 கிலோ. மடித்துத் தைத்த ஓரங்கள், இறவாரம், கதவின் இரட்டை மடிப்பு, வினைல் பட்டை, பித்தளை வளையங்கள், இழுகயிறுகள் எல்லாம் சேரும்போது பை 24 கிலோவைத் தாண்டிவிடுகிறது. கம்பங்களும் முளைகளும் அடுப்பும் இந்தக் கணக்கில் இல்லை. நைலான் கூடாரம் பழகியவர்களுக்கு இது மலைப்பாக இருக்கும். பத்து நாள் பனியிலும் காற்றிலும் அடுப்பெரித்துத் தங்க வேண்டியவர்களுக்கு இந்த எடை நியாயமானது என்பதே என் கருத்து. அதைப் பற்றி இங்கே வாதிடப் போவதில்லை.

இனி பை. கூடாரத்தின் துணியாலேயே தைக்கப்பட்ட உருளை வடிவப் பை, ஒரு முனையில் மட்டும் வாய், வாயைச் சுருக்கிக் கட்ட ஒரு கயிறு. பெட்டியைப் பிரித்த அன்று கூடாரம் அதற்குள் கச்சிதமாக அடங்கியிருந்தது. அந்தக் கச்சிதம் தொழிற்சாலையில் அகலமான மேசையின்மேல், உலர்ந்த புதுத் துணியை, பழகிய கைகள் அழுத்தி மடித்ததால் கிடைத்தது. காட்டில், சரிவான தரையில், முழுவதும் காயாத துணியை, விறைத்த விரல்களோடு இரண்டு பேர் மடிக்கும்போது அந்த அளவு ஒருபோதும் திரும்பக் கிடைக்காது. கேன்வாஸ் ஒருமுறை நனைந்து உலர்ந்த பிறகு நூல்கள் தடித்து, துணி சற்றே சுருங்கி, முன்பைவிட விறைப்பாகிறது. மடிப்புகளுக்கிடையே அகப்படும் காற்றும் அதிகமாகிறது. ஒரு முனையில் மட்டும் வாய் இருக்கும் பைக்குள் இப்படிப்பட்ட உருளையைத் திணிப்பதற்கு ஒருவர் பையின் வாயைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முழங்காலால் தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளும் விசை முழுவதும் பையின் அடித்தையலில் போய் நிற்கிறது. இரண்டாம் பருவத்திலேயே அங்கே நூல் இழுத்துக்கொண்டு, தையல் துளைகள் நீண்டுவிட்டன. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டபோது, இன்னும் இறுக்கமாக மடிக்கும்படி பதில் வந்தது.

இது சின்னக் குறைதானே, வேறொரு பை வாங்கிக்கொண்டால் போகிறது என்று தோன்றலாம். பை சிறியதாக இருப்பதன் விளைவு பையோடு நிற்பதில்லை. அதற்குள் அடக்க வேண்டும் என்ற கட்டாயத்தால் ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில், ஒரே இறுக்கத்தில் மடிக்க வேண்டியிருக்கிறது. கேன்வாஸ் மடிப்புக் கோட்டில்தான் முதலில் தேய்கிறது. நீர்விலக்குப் பதமும் அந்தக் கோட்டில்தான் முதலில் உதிர்கிறது. பழைய கூடாரத்தின் கூரையை உள்ளிருந்து வெயிலுக்கு எதிரே பார்த்தால், மடிப்பு விழுந்த இடங்கள் மெல்லிய வெளிச்சக் கோடுகளாகத் தெரியும். மழை கசியத் தொடங்குவதும் அந்தக் கோடுகளில்தான். நல்ல பை என்பது கூடாரத்தைக் கொஞ்சம் தாறுமாறாக மடித்தாலும் ஏற்றுக்கொள்ளும் பை.

நான் மாற்றாக வாங்கியது நீளவாக்கில் முழுவதும் திறக்கும் பை. கூடாரத்தின் உருளையைத் திறந்த பையின்மேல் வைத்து, இரு பக்கத் துணியையும் மேலே இழுத்து மூடி, நான்கு வார்ப்பட்டைகளால் இறுக்கிக்கொள்ளலாம். ஜிப் கிடையாது, அது இல்லாததையே நான் விரும்புகிறேன், ஏனெனில் 24 கிலோ பொருளை உள்ளடக்கி இறுக்கும் வேலையை ஜிப்பின் பற்களிடம் ஒப்படைத்தால் அவை என்றாவது ஒருநாள் பிளந்துகொள்ளும். கைப்பிடிகள் பையின் பக்கத்தில் தைக்கப்பட்ட துண்டுகளாக இல்லாமல், பட்டையாகப் பையின் அடிவழியே சுற்றிவந்து மேலே கைப்பிடியாகின்றன. பாரத்தைப் பட்டை தாங்குகிறது; பையின் துணி சுமப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தைக் கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். பட்டை அங்கே தெரியாவிட்டால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

மடிப்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உடன்வந்த குறிப்பேட்டில் அதற்கு ஒரு படமும் இரண்டு வாக்கியங்களும் மட்டுமே இருந்தன. முதலில் ஒரு தார்ப்பாயைத் தரையில் விரித்து, அதன்மேல்தான் கூடாரத்தை இறக்க வேண்டும். நிற்கும்போதே உட்புறச் சுவரையும் கூரையையும் மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். இலைத்துணுக்கு, பைன் ஊசி, பூச்சி, அடுப்புச் சாம்பல் எதுவும் மடிப்புக்குள் போகக்கூடாது. உலர்ந்த இலை ஒன்று மடிப்புக்குள் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தன் வடிவத்திலேயே பழுப்புக் கறையைப் பதித்துவிட்டுப் போகும். பிறகு கதவின் ஜிப்பை மூடிவிட்டு, முகட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்தால் இரு சாய்கூரைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். முகட்டுக் கோடு வளையாமல் நேராக விழுந்துவிட்டால் மீதி வேலை பாதியாகக் குறைகிறது. அது கோணலாக விழுந்தால் மேலே தொடராமல் மறுபடி விரிப்பதே மேல்.

அடுத்து பக்கச் சுவர்களை இறவாரக் கோட்டில் மடித்துக் கூரையின்மேல் போட வேண்டும். இங்கேதான் வினைல் பட்டையைக் கவனிக்க வேண்டும். நாள் முழுவதும் மண்ணிலும் சேற்றிலும் கிடந்த பட்டை அது. அதன் ஈரம் எளிதில் வெளியேறாது. துணியின்மேல் அதை அப்படியே படியவிட்டால் அந்த ஈரத்தைத் துணி குடித்துக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி, பட்டையோடு பட்டை முகம் பார்க்கும்படி மடித்துவிட்டால் கேன்வாஸின்மேல் அது நேரடியாகப் படாது. அடியில் இந்த வினைல் பட்டை இல்லாத கூடாரங்களில் கேன்வாஸ் சுவரின் ஓரமே மண்ணில் புரண்டு சீக்கிரம் மக்கிப்போகிறது என்பதால் பட்டை இருப்பது நல்லதுதான். அதன் ஈரம்தான் தொல்லை.

புகைக்குழாய் வாயின் குறுக்கே எந்த மடிப்பும் விழக்கூடாது. கண்ணாடியிழை வெப்பத்தைத் தாங்குமே தவிர, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மடிவதைத் தாங்காது. இழைகள் நுண்ணிய துண்டுகளாக ஒடிந்து, தொட்டால் கையில் குத்தும். இந்தக் கூடாரத்தில் வாய் முகட்டிலிருந்து போதுமான தூரத்தில், மூன்றாக மடிக்கும்போது நடுப்பகுதியில் தட்டையாக அமையும்படி வைக்கப்பட்டிருக்கிறது. வடிவமைத்தவர் இதை யோசித்தே செய்திருக்க வேண்டும்; அதற்குத் தனியாக ஒரு பாராட்டு. அந்த அக்கறையை அவரே பையிலும் காட்டியிருக்கலாம். கடைசியாக, பையின் நீளத்துக்கு ஏற்றவாறு மூன்றாக மடித்து, மூடிய முனையிலிருந்து திறந்த முனையை நோக்கிச் சுருட்டினால், உள்ளே இருக்கும் காற்று முன்னால் ஓடி வெளியேறிவிடும். எதிர்த்திசையில் சுருட்டினால் தலையணை உறைக்குள் காற்றை அடைத்தது போல உருளை உப்பிக்கொண்டே போகும்.

முளைகளையும் இரும்பு மூலை இணைப்புகளையும் கூடாரத்தோடு ஒரே பையில் வைப்பதற்கு இந்த நிறுவனம் உள்ளேயே ஒரு பையறை தைத்துத் தந்திருக்கிறது. அதை நான் பயன்படுத்துவதில்லை. மண் ஒட்டிய இரும்பு துருவேறும். துருக்கறை கேன்வாஸிலிருந்து போகாது. குலுங்கிக்கொண்டே போகும் பயணத்தில் முளையின் கூர்முனை உறையைத் துளைத்துத் துணியையும் துளைக்கும். இரும்புச் சாமான்களுக்குத் தனியாக ஒரு தடித்த தோல் அல்லது வினைல் பை வேண்டும்.

வாகனம் போகாத உட்காட்டுக்குக் கொண்டுபோவது இன்னொரு கட்டம். மனிதர் தோளில் சுமக்கும் எடை இது இல்லை. குதிரையோ கோவேறு கழுதையோதான் சுமக்க வேண்டும். பொதி விலங்கு தன் உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் சுமக்கலாம் என்பது பொதி ஏற்றுவோர் பரவலாகப் பின்பற்றும் அளவு. 450 கிலோ எடையுள்ள விலங்குக்கு அது 90 கிலோ. சேணத்தின் எடையும் அதில் அடக்கம். மொத்த எடையைவிட முக்கியமானது இரு பக்கமும் சமமாக இருப்பது. ஒரு பக்கம் இரண்டு கிலோ கூடினாலும் மலைப்பாதையில் சேணம் மெல்ல மெல்லச் சரிந்து, விலங்கின் முதுகைப் புண்ணாக்கிவிடும். கூடாரப் பை ஒரு பக்கம் போனால், மறுபக்கம் அதே எடைக்கு அடுப்பையும் சமையல் சாமான்களையும் சேர்த்துக் கட்டி, தராசில் தூக்கிப் பார்த்துவிட வேண்டும். மேலேறும்போது உலர்ந்திருந்த கூடாரம் திரும்பிவரும்போது நனைந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. நன்றாக ஊறிய பருத்தித் துணி தன் எடைக்குக் குறையாத தண்ணீரைப் பிடித்துவைக்கக்கூடியது. நீர்விலக்குப் பதம் ஏற்றிய துணி அந்த அளவு குடிக்காது என்றாலும், போகும்போது சமமாக இருந்த பொதி வரும்போதும் சமமாக இருக்கும் என்று நினைக்க இடமில்லை.

பொதியின் அமைப்பு கம்பங்களையும் தீர்மானிக்கிறது. முகட்டுக்கம்பம் 14 அடி. அதை ஒரே நீளமாக எந்த விலங்கும் சுமக்க முடியாது. மூன்று துண்டுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஐந்தடிக்குள் அடங்கும். விலங்கின் பக்கவாட்டில் நீளவாக்கில் கட்டலாம். எஃகுக் குழாயில் சட்டம் அமைத்தால் அது கூடாரத்தையே எடையில் மிஞ்சிவிடும் என்பதால் அலுமினியக் குழாய்களே உட்காட்டுக்கு ஏற்றவை. போகும் இடத்தில் மரம் வெட்டிக் கம்பமாக்கிக்கொள்ளும் பழைய வழக்கத்துக்குப் பல காடுகளில் இன்று அனுமதி இல்லை. காய்ந்து விழுந்த மரம் கிடைக்குமென்று நம்பிப் போவதும் சூதாட்டம்தான். பயணத்தின்போது கூடாரப் பையை இன்னொரு தடித்த துணியால் சுற்றிக் கட்டுவது அவசியம். ஏறத்தாழ 7-க்கு 8 அடி அளவுள்ள கேன்வாஸ் துண்டு போதும். மலைப்பகுதிகளில் பொதி ஏற்றுவோர் அப்படித்தான் கட்டுகிறார்கள். பாறையில் உரசுவதும் முள்ளில் மாட்டுவதும் அந்த வெளித்துணியோடு போய்விடும். என் மாற்றுப் பை இந்தச் சோதனையில் நன்றாகவே தாங்கியது. கூடாரத்தோடு வந்த பை இந்த உரசலில் ஒரே பயணத்தில் ஓட்டை விழுந்துவிடும் வகை.

இனி ஈரம். கூடாரத்தை மழையில் பிரிக்க வேண்டி வந்தால், இறுக்கமாகச் சுருட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டு, தளர்வாக அள்ளிப் பெரிய வினைல் சாக்கில் போட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. ஒரு நாளுக்குள், அதிகமானால் இரண்டு நாளுக்குள், எங்காவது விரித்து உலர்த்திவிட வேண்டும். அதற்குமேல் போனால் பூசணம் தொடங்கிவிடும். உறைந்துபோன கூடாரத்தின் கதை வேறு. இரவு உள்ளே படிந்த மூச்சுக்காற்றின் ஈரமும் வெளியே படிந்த பனியும் சேர்ந்து விடியற்காலையில் கூரையைப் பலகையாக்கிவிடும். அதைத் தட்டி ஒடித்து மடிக்க முயன்றால் நூல்கள் அறுபடும். அடுப்பைக் கடைசிவரை எரியவிட்டு, துணி இளகி ஆவி பறந்த பிறகு கடைசியாக இறக்குவதே இதற்கு வழி. இந்தக் கூடாரத்தின் கூரை இளகியதும் நன்றாகவே வேகமாக உலர்ந்தது. கதவுப் பகுதியில் மூன்று அடுக்காகத் தைத்த ஓரமும் பித்தளை வளையங்களைச் சுற்றியுள்ள ஒட்டுத்துணியும்தான் ஈரத்தைக் கடைசிவரை வைத்திருந்தன. உலர்ந்துவிட்டதா என்று சோதிக்க வேண்டியது கூரையின் நடுவில் இல்லை. அந்தத் தடித்த ஓரங்களை விரல்களுக்கிடையே பிடித்துப் பார்க்க வேண்டும். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

பூசணத்தை வெறும் கறையாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பருத்தி கிட்டத்தட்ட முழுவதும் செல்லுலோஸ். பூஞ்சைக்கு அது உணவு. இரண்டாம் உலகப் போரின்போது தென் பசிபிக்கில் அமெரிக்கப் படைகளின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் பைகளும் வியக்கத்தக்க வேகத்தில் மக்கிப்போயின. சாலமன் தீவுகளில் அப்படி மக்கிய கேன்வாஸிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பூஞ்சை இராணுவ ஆய்வகத்தில் கியூ.எம்.6.ஏ என்ற அடையாள எண்ணோடு பாதுகாக்கப்பட்டது. அதை நெடுங்காலம் ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பவரின் பெயரால் 1977-இல் அதற்கு டிரைக்கோடெர்மா ரீசெய் என்று பெயர் வைத்தார்கள். செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியை அது அபாரமான அளவில் சுரக்கிறது. இன்று ஜீன்ஸ் துணியை மென்மையாக்கவும் தாவரக் கழிவிலிருந்து எரிபொருள் தயாரிக்கவும் அதே பூஞ்சையின் வழித்தோன்றல்களைத் தொழிற்சாலைகள் வளர்க்கின்றன. ஒரு கூடாரத்தைத் தின்று வளர்ந்த உயிரி ஒரு தொழிலுக்கே அடிப்படையானது ஒருபுறம் இருக்க, கூடாரக்காரருக்கு இதில் இருக்கும் செய்தி எளிமையானது: கரும்புள்ளி தெரியும் இடத்தில் துணியின் நூலே செரிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது, புள்ளியை வெளுத்துவிடுவதால் போன வலிமை திரும்பாது.

இதனால்தான் வெளுப்புக்காரம் பயன்படுத்துவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது பூஞ்சையின் நிறத்தோடு பருத்தியின் பலத்தையும் சேர்த்தே தின்கிறது. வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து தொட்டு, மென்மையாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயில்பட உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம். சலவை இயந்திரமும் சோப்புத் தூளும் நீர்விலக்குப் பதத்தையும் தீத்தடுப்புப் பதத்தையும் கரைத்துவிடும். உள்ளே அடுப்பெரிக்கும் கூடாரத்தில் தீத்தடுப்பை இழப்பது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பருவம் முடிந்தபின் எதில் வைப்பது என்பதில் மூன்று முறைகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் கைக்கொள்வது மூடியிட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி. எலி புகாது, தூசி படியாது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ஆனால் ஒரு விவரம் கவனத்துக்குரியது. பருத்தி, தொட்டுப்பார்த்தால் உலர்ந்ததாகத் தோன்றும்போதும் தன் எடையில் 7 முதல் 8 சதவீதம் நீரைக் காற்றிலிருந்து வாங்கி வைத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கையில் அது இயல்பு. 16 கிலோ துணியில் அது ஒரு கிலோவுக்கு மேற்பட்ட தண்ணீர். அந்தத் துணியைக் காற்றுப்புகாத பெட்டியில் அடைத்து, பகலில் சூடேறி இரவில் குளிரும் கொட்டகையில் வைத்தால், அந்த நீர் ஆவியாகி, குளிர்ந்த மூடியின் அடியில் துளிகளாகப் படிந்து, மேல்மடிப்பின்மேலேயே மீண்டும் சொட்டும். இதைத் தடுக்கப் பலர் போடும் சிறு சிலிக்கா ஜெல் பொட்டலங்களால் பெரிதாக எதுவும் ஆகாது. சிலிக்கா ஜெல் நல்ல நிலையில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவே நீரை வாங்கும் என்பதால், இந்த ஒரு கிலோவுக்கு ஈடுகொடுக்கக் கிலோக்கணக்கில் அதைக் கொட்ட வேண்டியிருக்கும். பெட்டிதான் வேண்டுமென்றால், வெப்பநிலை அதிகம் மாறாத உள்ளறையில் வைக்க வேண்டும். வறண்ட நாளில் நன்றாகக் காய்ந்த கூடாரத்தை அன்றே அடைத்துவிட வேண்டும்.

இரண்டாவது முறை, பையோடு அலமாரியில் வைப்பது. கேன்வாஸ் பை மூச்சுவிடும். ஈரம் வந்தாலும் போய்விடும். ஆனால் எலிக்கு அது கதவே இல்லாத வீடு. சுருட்டிய கேன்வாஸின் நடுப்பகுதி கூடு கட்டுவதற்கு அத்தனை வசதியானது. உள்ளே சமைத்த எண்ணெயின் வாடை துணியில் மிச்சமிருந்தால் அழைப்பும் விடுத்தாயிற்று. ஒரே இடத்தில் கடித்தாலும் உருளையின் எல்லாச் சுற்றுகளிலும் ஓட்டை விழுகிறது. விரித்துப் பார்த்தால் கூரை நெடுகச் சீரான இடைவெளியில் வரிசையாகத் துளைகள்.

மூன்றாவது முறையை நான் பின்பற்றுகிறேன்: கூரை உத்திரத்திலிருந்து கம்பி கொண்டு கிடைமட்டமாகத் தொங்கவிட்ட ஒரு வழுவழுப்பான குழாயின்மேல், கூடாரத்தைச் சுருட்டாமல் தளர்வாக நாலைந்து மடிப்பாகத் தொங்கப்போட்டு, மேலே தூசி படியாமல் ஒரு பழைய பருத்தித் துணியைப் போர்த்திவிடுவது. கூர்மையான மடிப்புக் கோடு விழாது, காற்று எல்லாப் பக்கமும் புழங்கும், மெல்லிய கம்பியில் எலி இறங்கிவருவது கடினம். இதற்கு இடம் வேண்டும் என்பதே இதிலுள்ள ஒரே இடைஞ்சல். சன்னல் வெயில் நேராகப் படும் இடமாகவும் இருக்கக்கூடாது, ஏனெனில் புற ஊதாக் கதிர் பருத்தியை மெதுவாகவேனும் நிச்சயமாக உளுத்துப்போகச் செய்யும். எந்த முறையைக் கைக்கொண்டாலும் சிமெண்டுத் தரையில் நேரடியாக வைக்க வேண்டாம். சிமெண்டு நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி மேலே கொண்டுவரும். அடியில் இரண்டு மரக்கட்டைகளைப் போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. முதல் பயணத்துக்கு முன்பே கூடாரத்தை நிறுத்தி, குழாய்த் தண்ணீரால் முழுவதும் நனைத்து, அப்படியே நின்றபடி உலரவிட வேண்டும். நூல் நனைந்து தடிக்கும்போது தையல் ஊசியின் துளைகள் தாமாகவே அடைபடும். இதைச் செய்த பிறகுதான் துணி தன் நிலையான அளவுக்கும் விறைப்புக்கும் வருகிறது. ஆகவே மாற்றுப் பை வாங்குவதானால் அளவெடுக்க வேண்டியது அந்த மடிப்பிலிருந்துதான், பெட்டியில் வந்த மடிப்பிலிருந்து அல்ல. அப்படி அளந்த உருளையின் சுற்றளவோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டால் ஈரமான நாளுக்கும் இடம் இருக்கும்.

கூடாரத்துக்கு என் பரிந்துரை உண்டு. தையல், புகைக்குழாய் வாயின் இடம், அடிப்பட்டை, துணியின் பதம் எல்லாம் கொடுத்த பணத்துக்குக் குறைவில்லாதவை. கூடவரும் பையைக் கயிறுகளுக்கு ஒதுக்கிவிட்டு, கூடாரத்தின் விலையோடு வேறொரு பையின் விலையையும் சேர்த்தே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இதே நிறுவனம் 12 அவுன்ஸ் துணியிலும் இதே அளவுக் கூடாரத்தை விற்கிறது. துணியில் மட்டும் மூன்று கிலோ கூடுகிறது. ஒரே இடத்தில் பருவம் முழுவதும் நிற்கும் முகாமுக்கு அது நன்றாக உழைக்கும், விலங்கின் முதுகில் ஏற்றிப் போவதற்கு 10 அவுன்ஸே போதும். ஐந்தில் ஒரு பங்கு தடித்த அந்தத் துணிக்கும் அவர்கள் தருவது இதே அளவுள்ள பைதான்.